ஆகஸ்டில் ஆர்ச், டிசம்பரில் வேறொருவர்: ஹைஸ்மன் முன்கணிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஆகஸ்டில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது) ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால், மூன்றாவது வாக்கியத்துக்குள் ஆர்ச் மானிங் பெயர் வந்துவிடும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து அணியை நடத்துகிற ஆள். அதுவரை தொடக்க வீரராக இறங்கியது இரண்டே ஆட்டங்களில். ஆனாலும் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை யார் வெல்வார் என்ற கணிப்பில் அவர்தான் முதலிடம். 'இது எந்த ஊர் நியாயம்' என்று ஒரு கட்சி, 'பொறுத்துப் பாருங்கள்' என்று இன்னொரு கட்சி. இந்த ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்க ஆரம்பித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். நான் ஆகஸ்டில் எந்தக் கட்சியில் இருந்தேன் என்பதையும் நடுவில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஹைஸ்மன் கோப்பை என்பது என்ன?

1935இல் நியூயார்க்கின் டவுன்டவுன் அத்லெடிக் கிளப் தொடங்கிய விருது. முதலில் வாங்கியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். அடுத்த ஆண்டு, அந்த கிளப்பின் விளையாட்டு இயக்குநராக இருந்த ஜான் ஹைஸ்மன் இறந்துபோக, அவர் பெயரையே விருதுக்கு வைத்துவிட்டார்கள். ஒரு கையில் பந்தை அணைத்துக்கொண்டு, மறு கையை நீட்டி எதிராளியைத் தள்ளுகிற வெண்கலச் சிலை. டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பது) அடித்துவிட்டு வீரர்கள் ஒற்றைக் காலைத் தூக்கிக் கையை நீட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்தச் சிலையைப் பார்த்துச் செய்வதுதான்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அந்த கிளப் திறக்கவே இல்லை. உலக வர்த்தக மையத்துக்குப் பக்கத்திலேயே இருந்த கட்டடம் அது. இப்போது ஒரு அறக்கட்டளை விருதை நடத்துகிறது. அறிவிப்பு டிசம்பரில், ஒரு சனிக்கிழமை இரவு, நியூயார்க்கில். நமக்கு அது ஞாயிறு விடியற்காலை.

யார் ஓட்டுப் போடுகிறார்கள்?

நாட்டை 6 மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்கு 145 பேர் வீதம் 870 ஊடகக்காரர்கள். அவர்களோடு இதற்கு முன்பு விருது வாங்கியவர்கள். ரசிகர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஓட்டு. ஆமாம், கோடிக்கணக்கான பேருக்கு ஒன்று! ஒவ்வொருவரும் மூன்று பெயரை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். முதல் பெயருக்கு 3 புள்ளி, அடுத்ததற்கு 2, மூன்றாவதற்கு 1.

இந்தக் கணக்கு சில சமயம் விசித்திரமாகப் போகும். 2008இல் அதிக முதலிட ஓட்டு வாங்கியவர் ஃப்ளோரிடாவின் டிம் டீபோ, 309. ஆனால் மொத்தப் புள்ளியில் அவர் மூன்றாவதுதான். வென்றது 300 முதலிட ஓட்டு வாங்கிய ஓக்லஹோமாவின் சாம் பிராட்ஃபோர்ட். இடையில் இரண்டாவதாக நின்றவர் டெக்சாஸின் கோல்ட் மெக்காய். அந்த ஆண்டு டெக்சாஸ் ஓக்லஹோமாவை 45-35 என்று நேருக்கு நேர் தோற்கடித்திருந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ஆஸ்டின் ஊர்க்காரர்களிடம் இதைப் பற்றி வாய் திறக்காதீர்கள், ராத்திரி வீடு போய்ச் சேர மாட்டீர்கள்.

எப்போதும் குவாட்டர்பேக்குக்குத்தானா?

சட்டம் அப்படி இல்லை, நடைமுறை அப்படி. 2000 முதல் 2025 வரை கொடுத்த 26 விருதுகளில் 21 குவாட்டர்பேக்குகளுக்கு. மிச்ச ஐந்து பேர் ரெஜி புஷ், மார்க் இங்க்ரம், டெரிக் ஹென்றி, டிவான்டா ஸ்மித், டிராவிஸ் ஹன்டர். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் குவாட்டர்பேக் கைக்கு வருகிறது, கேமராவும் அவர் முகத்திலேயே இருக்கிறது. அவரைக் காக்கிற ஐந்து தடியர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு பெரிய கல்லூரியின் குவாட்டர்பேக் என்றாலே ஆகஸ்டில் பட்டியலில் பாதி தூரம் ஏறியாயிற்று.

ஆர்ச் மானிங் யார்? அந்தக் குடும்பப் பெயருக்கு ஏன் இவ்வளவு மவுசு?

தாத்தா ஆர்ச்சி மானிங், மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக். பிறகு நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியில் பல ஆண்டு அடிவாங்கியவர். பெரியவர் நல்ல ஆட்டக்காரர், அணிதான் சரியில்லை. அவருக்கு மூன்று மகன்கள். நடுவில் பிறந்த பேட்டனும் கடைசி மகன் ஈலையும் ஆளுக்கு இரண்டு சூப்பர் பவுல் (தொழில்முறை லீகின் இறுதிப் போட்டி) வென்றார்கள். மூத்தவர் கூப்பர் முதுகெலும்புக் கோளாறால் இளம் வயதிலேயே ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. அந்தக் கூப்பரின் மகன்தான் ஆர்ச். முழுப்பெயர் ஆர்ச்சிபால்ட் சார்ல்ஸ் மானிங். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை.

நியூ ஆர்லியன்ஸின் இசிடோர் நியூமன் பள்ளியில் ஆடினார். அப்பா, சித்தப்பாக்கள் எல்லாரும் படித்த பள்ளி. 2022இல் டெக்சாஸைத் தேர்ந்தெடுத்தார். 2023, 2024 இரண்டு சீசனும் க்வின் யூவர்ஸ் என்ற மூத்த வீரருக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தார். இன்றைக்கு இப்படி உட்காருகிற ஆட்கள் குறைவு. வாய்ப்பு இல்லையென்றால் அடுத்த கல்லூரிக்கு மாறிவிடுவார்கள், மாறுவதும் சுலபம். இவர் மாறவில்லை. எனக்கு இவரைப் பிடித்துப்போனது இதனால்தான். நான் ஆகஸ்டில் எந்தக் கட்சி என்பதும் இதிலேயே தெரிந்திருக்கும்.

அப்படிப்பட்ட குடும்பத்தில் எத்தனை ஹைஸ்மன் இருக்கும்?

ஒன்றுகூட இல்லை.

பலருக்கு இது நம்ப முடியாத செய்தி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தாத்தா ஆர்ச்சி 1969இல் நான்காவது. 1970இல் கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஹூஸ்டனுக்கு எதிரான ஆட்டத்தில் இடது கை உடைந்தது, கடைசியில் மூன்றாம் இடம். 1997இல் டென்னஸி அணியின் பேட்டன்தான் வெல்வார் என்று சீசன் தொடங்குமுன்பே நாடே சொன்னது. ஆனால் டென்னஸி வழக்கம்போல ஃப்ளோரிடாவிடம் தோற்றது. நவம்பரில் மிஷிகனின் சார்ல்ஸ் வுட்சன், ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக ஒரு பன்ட்டை (எதிரணி உதைத்து அனுப்பும் பந்து) பிடித்து டச்டவுன் வரை ஓடினார், எண்ட் சோனில் (டச்டவுன் அடிக்கும் கடைசிப் பகுதி) ஒரு இன்டர்செப்ஷனும் எடுத்தார், அதாவது எதிரணி எறிந்த பந்தை இடையில் பறித்தார். தடுப்பாட்டக்காரர் ஒருவர் ஹைஸ்மன் வாங்கியது அதுதான் முதல் முறை. பேட்டன் 272 புள்ளி பின்தங்கி இரண்டாவது. டென்னஸி ரசிகர்கள் இன்னும் அதை ஜீரணிக்கவில்லை. 2003இல் ஈலை மூன்றாம் இடம்.

நான்கு, மூன்று, இரண்டு, மூன்று. ஆகஸ்டில் ஆர்ச் கட்சிக்காரர்கள் இதை வைத்தே கதை கட்டினார்கள்: மூன்று பேருக்குத் தப்பியதைப் பேரன் கொண்டுவருவான் என்று. டெக்சாஸுக்கும் இதேபோல ஒரு ஏக்கம் உண்டு. அந்தப் பல்கலைக்கழகத்தின் இரண்டு ஹைஸ்மன்களும் பந்தை ஏந்தி ஓடுகிற ஆட்டக்காரர்களுக்குத்தான் (1977இல் எர்ல் கேம்பெல், 1998இல் ரிக்கி வில்லியம்ஸ்). குவாட்டர்பேக் ஒருவரும் வாங்கியதில்லை. இரண்டு பசியும் ஒரே பையன் தலையில்.

இரண்டு ஆட்டம் ஆடியவர் எப்படி முதலிடம் பிடித்தார்?

அவர் ஆடியதில் குறை இல்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2024இல் யூவர்ஸுக்கு அடிபட்டபோது உள்ளே வந்தார். யூ.டி.எஸ்.ஏ. அணிக்கு எதிராக 67 யார்டு ஓடி ஒரு டச்டவுன் அடித்தார். சித்தப்பாக்கள் இருவரும் அப்படி ஓடிப் பார்த்ததில்லை, பேட்டன் ஓடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த ஆண்டு மொத்தம் 90 பாஸ், 939 யார்டு, 9 டச்டவுன், 2 இன்டர்செப்ஷன்.

ஆனால் முதலிடத்துக்கு அது மட்டும் காரணம் இல்லை. ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தரவரிசை 2025 சீசனுக்கு முன் டெக்சாஸை முதலிடத்தில் வைத்தது. அந்தப் பல்கலைக்கழக வரலாற்றிலேயே சீசனுக்கு முன் முதலிடம் அதுதான் முதல் முறை. முதலிட அணியின் குவாட்டர்பேக், மானிங் என்ற பெயர், டெக்சாஸ் மாதிரி ஒரு பெரிய ரசிகர் கூட்டம். பந்தயம் நடத்துபவர்கள் யார் நன்றாக ஆடுவார் என்பதை மட்டும் கணக்குப் போடுவதில்லை. யார் மேல் பணம் வந்து குவியும் என்பதும் அதில் இருக்கிறது. ஆர்ச்சின் 16 எண் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறவர் தன் ஆள்மேல் 20 டாலர் கட்டத்தான் செய்வார்.

'6க்கு 1' என்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்?

இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். 100 டாலர் கட்டினால், ஜெயித்தால் 600 டாலர் லாபம். ஆர்ச்சுக்கு ஆகஸ்டில் ஏறக்குறைய அந்த விகிதம்தான் இருந்தது. கணக்குப்படி ஏழில் ஒரு வாய்ப்பு, அதாவது 14 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். பந்தயக்காரர்களின் லாபத்தையும் கழித்தால் இன்னும் குறையும்.

அப்படியென்றால் 'இவர்தான் பேவரிட்' என்று சொன்ன அதே ஆட்கள், இவர் வெல்லாமல் போகும் வாய்ப்பு 85 சதவீதம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆகஸ்டில் கொண்டாடியவர்களும் சரி, செப்டம்பரில் 'ஏமாற்றிவிட்டான்' என்று கத்தியவர்களும் சரி, இந்த இரண்டாம் பாதியைப் படிக்கவில்லை. என் கட்சிக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எதிர்க்கட்சி என்ன வாதம் வைத்தது?

வலுவான வாதம் ஒன்று இருந்தது. இவர் அவ்வளவு பெரிய ஆள் என்றால் 2024இல் ஏன் யூவர்ஸை உட்காரவைத்துவிட்டு இவரை இறக்கவில்லை? யூவர்ஸ் 2025 என்.எஃப்.எல். டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) ஏழாவது சுற்றில்தான் போனார், அதாவது கடைசிச் சுற்றில். ஏழாம் சுற்று ஆளைத் தாண்டி வர முடியாதவருக்கு எப்படி ஹைஸ்மன்? 1966இல் ஹைஸ்மன் வாங்கிய பழைய ஃப்ளோரிடா பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பரியரே கோடையில் இதைப் பகிரங்கமாகக் கேட்டார். அவர் கேட்டால் ஊரே கேட்கும்.

ஆர்ச் கட்சியின் பதில்: பயிற்சியாளர் ஸ்டீவ் சார்க்கீசியன் தனக்காக ஜெயித்துக்கொடுத்த மூத்த வீரரை நடுவில் தூக்க விரும்பவில்லை, அவ்வளவுதான். அதிலும் நியாயம் உண்டு.

ஆனால் இரு கட்சியும் கவனிக்காத ஒன்று வேறு இடத்தில் இருந்தது. யூவர்ஸுக்கு முன்னால் நின்று காத்த கெல்வின் பேங்க்ஸ் டிராஃப்டில் 9ஆவது ஆளாகப் போய்விட்டார். பந்து பிடிக்கிற மேத்யூ கோல்டனும் முதல் சுற்றிலேயே போய்விட்டார். குவாட்டர்பேக்கைப் பற்றி இரண்டு மாதம் வாய் வலிக்கப் பேசிவிட்டு, அவரை யார் காப்பாற்றப் போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

முதல் ஆட்டத்தில் என்ன நடந்தது?

ஆகஸ்ட் 30, கொலம்பஸ் நகரம், ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். எதிரில் நடப்புச் சாம்பியன் ஒஹாயோ ஸ்டேட். அந்த ஆண்டு ஜனவரியில்தான் தேசியப் பட்டத்துக்கான அரையிறுதியில் டெக்சாஸை 28-14 என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இந்திய நேரப்படி இரவு ஒன்பதரைக்கு ஆரம்பம், சாப்பிட்டுவிட்டு உட்கார வசதியான நேரம்.

மூன்றாவது கால்பகுதியில் ஒரு காட்சி. டெக்சாஸ் எண்ட் சோனுக்கு ஒரு யார்டு தூரத்தில் நிற்கிறது. நான்காவது முயற்சி, அதாவது கடைசி. ஒரு யார்டு என்பது மூன்றடி. ஆர்ச் பந்தை வாங்கிக்கொண்டு தானே தலையைக் குனிந்து நடுவில் முட்டுகிறார். எல்லாரும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, நடுவர்கள் ஒவ்வொருவராக எழுப்பிப் பார்த்தால், பந்து கோட்டைத் தொடவே இல்லை. டிவியில் அந்தக் கூட்டத்தின் சத்தம் கேட்டபோதே எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது.

முடிவு 14-7, டெக்சாஸ் தோல்வி. ஆர்ச் எறிந்த 30 பாஸில் 17 கை சேர்ந்தது, 170 யார்டு, ஒரு டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன். அந்த டச்டவுனும் கடைசி நேரத்தில் வந்ததுதான். உண்மையைச் சொன்னால் படுமோசமான ஆட்டம் இல்லை. முதல் முறை வெளியூரில், நாட்டின் மிகச் சிறந்த தடுப்பாட்டத்துக்கு எதிராக, ஒரு 21 வயதுப் பையன் எப்படி ஆடுவானோ அப்படி ஆடினார். ஆனால் ஆகஸ்ட் முழுக்க அவரை அப்படி ஒரு பையனாக யாரும் பேசியிருக்கவில்லையே.

சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டார்களாமே?

போட்டார்கள். செப்டம்பர் 13, ஆஸ்டினில், யூ.டெப். என்ற சின்ன அணிக்கு எதிராக. 25 பாஸில் 11 மட்டுமே கை சேர்ந்தது, 114 யார்டு. நடுவில் தொடர்ந்து 10 பாஸ் தவறியது. டெக்சாஸ் 27-10 என்று ஜெயித்த ஆட்டத்திலேயே சொந்த மைதானத்தில் 'பூ' சத்தம். இரண்டு வாரத்துக்கு முன் அவர் பெயர் போட்ட சட்டையை வாங்கியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

அக்டோபர் 4 அன்று ஃப்ளோரிடாவிடம் 29-21 தோல்வி. ஆறு முறை சாக் ஆனார், அதாவது பந்தை எறியுமுன்பே ஆளைத் தரையில் போட்டார்கள். முன்னால் நிற்பவர்களைப் பற்றி மேலே சொன்னேனே, அதன் பலன் இது. ஸ்பரியர் அன்று நன்றாகத் தூங்கியிருப்பார். ஹைஸ்மன் பேச்சு அன்றோடு முடிந்தது.

மற்ற பேவரிட்டுகளாவது நன்றாக ஆடினார்களா?

அதுதான் வேடிக்கை. ஆகஸ்டில் ஆர்ச்சுக்குப் பின்னால் நின்ற பெயர்களில் கிளெம்சனின் கேட் கிளப்னிக், எல்.எஸ்.யூ.வின் கேரட் நஸ்மையர், பென் ஸ்டேட்டின் ட்ரூ ஆலர் ஆகியோர் உண்டு. கிளெம்சன் ஏறக்குறைய பாதி ஆட்டம் தோற்றது. நஸ்மையர் வயிற்றுப் பகுதிக் காயத்தோடு திணறி, பிறகு பெஞ்சுக்குப் போனார். அவருடைய பயிற்சியாளரின் வேலையே போயிற்று. ஆலர் அக்டோபரில் அடிபட்டு சீசனை முடித்துக்கொண்டார். அங்கேயும் பயிற்சியாளரின் வேலை போயிற்று. செப்டம்பரில் புதிதாக முன்னுக்கு வந்த ஓக்லஹோமாவின் ஜான் மட்டீருக்கு எறியும் கையில் எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை. இவர்களோடு ஒப்பிட்டால் ஆர்ச் அதிர்ஷ்டசாலி.

பிறகு யார்தான் வாங்கினார்?

இண்டியானா பல்கலைக்கழகத்தின் ஃபெர்னாண்டோ மெண்டோசா. மயாமி பையன், கியூப வம்சாவளி. பள்ளி முடிக்கும்போது பெரிய கல்லூரிகள் எதுவும் சீந்தவில்லை. யேலுக்குப் போவதாக இருந்தவர், கடைசியில் கலிஃபோர்னியாவில் பெர்க்லிக்குப் போனார். அங்கிருந்து 2025இல் இண்டியானாவுக்கு மாறினார். இண்டியானா என்றால் கூடைப்பந்து. ஃபுட்பாலில் அந்தப் பல்கலைக்கழகம் தோல்விக்குப் பேர்போனது. 1989இல் ஆந்தனி தாம்ப்சன் இரண்டாம் இடம் வந்ததுதான் அவர்கள் ஹைஸ்மனை நெருங்கிய சமயம்.

மெண்டோசா எப்படி மேலே வந்தார் என்பதைப் பார்த்தால் இந்த விருது எப்படி வேலை செய்கிறது என்பது புரியும். அக்டோபர் 11, ஆரகன் அணியின் ஊரில் ஆட்டம். கடைசிக் கால்பகுதியில் மெண்டோசா எறிந்த பந்தை எதிராளி பிடித்து ஓடி டச்டவுனாக்கிவிட்டார், 20-20. மைதானம் இடிந்து விழுகிறது. அடுத்து பந்து கைக்கு வந்ததும் எதுவும் நடக்காததுபோல அணியை எதிர்முனை வரை கொண்டுபோய் டச்டவுன் எறிந்தார். 30-20 வெற்றி. நவம்பர் 8, பென் ஸ்டேட்டில், இரண்டு நிமிடத்துக்கும் குறைவு, டைம்-அவுட் இல்லை, 80 யார்டு போக வேண்டும். 36 விநாடி மிச்சமிருக்கும்போது ஒமர் கூப்பர் எண்ட் சோனின் பின்கோட்டில் ஒற்றைக் கால் நுனியைத் தரையில் ஊன்றிப் பந்தைப் பிடித்தார். 27-24. ஓட்டுப் போடும் 870 பேரும் அதைப் பார்த்திருப்பார்கள், குறைந்தபட்சம் போனிலாவது. டிசம்பர் 6 அன்று ஒஹாயோ ஸ்டேட்டை 13-10 என்று வென்றதும் விஷயம் முடிந்தது.

இரண்டாம் இடம் வாண்டர்பில்ட்டின் டியகோ பவியா, மூன்றாவது நோட்டர் டேமின் ஜெரமையா லவ். விழா மேடையில் மெண்டோசா தாத்தா பாட்டிகளுக்காக ஸ்பானிஷிலும் பேசினார். ஜனவரியில் இண்டியானா தேசிய சாம்பியனும் ஆனது, ஆனால் ஓட்டு டிசம்பரிலேயே முடிந்துவிடுவதால் அது கணக்கில் சேராது.

ஜனவரி ஆட்டம் கணக்கில் சேராததால் யாருக்காவது நஷ்டம் உண்டா?

வின்ஸ் யங். மறுபடியும் டெக்சாஸ்தான், என்ன செய்ய. 2005 விருதை தெற்கு கலிஃபோர்னியாவின் ரெஜி புஷ் வாங்கினார், யங் இரண்டாவது. சில வாரம் கழித்து 2006 ஜனவரி 4, ரோஸ் பவுலில், தேசியப் பட்டத்துக்கான ஆட்டத்தில், இரண்டு பேரும் நேருக்கு நேர். யங் எறிந்தது 267 யார்டு, ஓடியது 200 யார்டு. கடைசி 19 விநாடி இருக்கும்போது தானே ஓடிப்போய் டச்டவுன். டெக்சாஸ் 41-38. ஓட்டு ஒரு மாதம் தள்ளி நடந்திருந்தால்? பணம் வாங்கிய விவகாரத்தில் புஷ் 2010இல் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தபோதும் அது யங்குக்குப் போகவில்லை, அந்த ஆண்டின் இடம் காலியாகவே கிடந்தது. 2024இல் புஷ்ஷிடமே திரும்பக் கொடுத்துவிட்டார்கள்.

சீசனுக்கு முன் பேவரிட்டாக இருப்பது ராசியில்லாத விஷயமா?

ராசி என்று சொல்ல மாட்டேன், ஏழில் ஒன்று என்ற கணக்கை மேலே பார்த்தோம். ஆனால் ஆர்ச்சைவிட மோசமாக அடிபட்டவர் உண்டு. 2021இல் ஓக்லஹோமாவின் ஸ்பென்சர் ராட்லர்தான் முன்னணியில். செப்டம்பரில் சொந்த மைதானத்திலேயே மாணவர் கூட்டம் 'எங்களுக்கு கேலப் வேண்டும்' என்று பின்னால் உட்கார்ந்திருந்த புதுப் பையன் பெயரைக் கத்த ஆரம்பித்தது. அக்டோபர் 9, டாலஸில் டெக்சாஸுக்கு எதிராக 28-7 என்று பின்தங்கியபோது அந்தக் கேலப் வில்லியம்ஸ் உள்ளே வந்தார், நான்காவது முயற்சி ஒன்றில் 66 யார்டு ஓடினார். ஓக்லஹோமா 55-48 என்று ஜெயித்தது. ராட்லர் தன் இடத்தைத் திரும்பப் பிடிக்கவே இல்லை. அடுத்த ஆண்டு கேலப் வேறு கல்லூரிக்குப் போய் ஹைஸ்மனையே வாங்கிவிட்டார்.

எதிர்ப்பக்க உதாரணம் ஜோ பர்ரோ. 2019 ஆகஸ்டில் பேச்சு முழுக்க ட்ரெவர் லாரன்ஸ், டுவா டாகோவைலோவா பற்றித்தான். பர்ரோமேல் 200க்கு 1 கொடுத்தார்கள். முந்தைய ஆண்டு அவர் எறிந்தது 16 டச்டவுன். அந்த ஆண்டு 60, கோப்பையும் அவருக்குத்தான்.

பல்கலைக்கழகங்கள் விளம்பரம் செய்து ஓட்டு வாங்க முடியாதா?

முயன்று பார்த்திருக்கிறார்கள். நோட்டர் டேமில் ஜோ தீஸ்மன் என்று ஒரு குவாட்டர்பேக். ஹைஸ்மனோடு எதுகை சேரட்டும் என்று அவர் பெயரையே 'தைஸ்மன்' என்று உச்சரிக்க வைத்தார் அங்கிருந்த செய்தித் தொடர்பாளர். 1970இல் அவர் இரண்டாவது வந்தார். தாத்தா ஆர்ச்சி மூன்றாவது வந்தாரே, அதே ஆண்டு. வென்றது ஸ்டான்ஃபோர்டின் ஜிம் ப்ளங்கெட். கோப்பை போயிற்று, உச்சரிப்பு மட்டும் இன்றுவரை நிலைத்துவிட்டது.

2001இல் ஆரகன் ரசிகர்கள் பணம் போட்டு, ஜோயி ஹாரிங்டன் என்ற தங்கள் குவாட்டர்பேக்குக்காக நியூயார்க் நகரில் பிரம்மாண்டமான பதாகை வைத்தார்கள். செலவு இரண்டரை லட்சம் டாலர். நான்காம் இடம்.

'வாட்ச் லிஸ்ட்' என்கிறார்களே, அதில் பெயர் வந்தால் பெரிய விஷயமா?

இல்லை. ஹைஸ்மன் தவிர மேக்ஸ்வெல், டேவி ஓ'பிரயன் என்று நிறைய விருதுகள் இருக்கின்றன. கோடையில் ஒவ்வொன்றும் ஒரு நீளமான பட்டியல் விடும். அதில் பெயர் இல்லையென்றால்தான் செய்தி. இன்னொரு விருது மட்டும் இங்கே சொல்லத் தகும்: சுகர் பவுல் என்ற கல்லூரி ஆட்டத்தை நடத்தும் அமைப்பு 2004 முதல் சிறந்த குவாட்டர்பேக்குக்குக் கொடுக்கும் விருது, ஜனவரி ஆட்டங்களையும் சேர்த்துக் கணக்கெடுப்பது. அதன் பெயர் மானிங் விருது. ஆர்ச்சி, பேட்டன், ஈலை மூவர் பெயரில். ஹைஸ்மன் கிடைக்காத குடும்பத்துக்கு அவர்கள் பெயரிலேயே ஒரு விருது!

அப்படியானால் ஆர்ச் சுமாரான ஆட்டக்காரர்தானே?

இங்கேதான் எதிர்க்கட்சியோடு எனக்குச் சண்டை. அக்டோபர் 25, மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு எதிராகக் கடைசிக் கால்பகுதியில் 17 புள்ளி பின்தங்கியிருந்த அணியை இழுத்துக்கொண்டு வந்தார், 346 யார்டு. கூடுதல் நேரத்தில் தலையில் அடிபட்டு வெளியேற, மாற்று ஆள் முடித்துவைத்தார், 45-38. அடுத்த வாரமே வாண்டர்பில்ட்டுக்கு எதிராக 328 யார்டு, 34-31 வெற்றி. எதிரில் ஆடியவர் பவியா, அதாவது பின்னால் ஹைஸ்மனில் இரண்டாம் இடம் வந்தவர். ஆர்க்கன்சாஸுக்கு எதிராக நான்கு டச்டவுன் எறிந்தார், ஒன்று ஓடி அடித்தார், ஒன்றைத் தானே பிடித்தும் அடித்தார். அதுவரை ஒரு ஆட்டமும் தோற்காத டெக்சாஸ் ஏ அண்ட் எம். அணியை நவம்பர் கடைசியில் 27-17 என்று சாய்த்தார்கள். அதில் 35 யார்டு ஓடி ஒரு டச்டவுன்.

இடையில் ஜார்ஜியாவிடம் 35-10 என்று உதை வாங்கியதையும் மறைக்கவில்லை. வழக்கமான சீசனில் ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி; பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் இடம் இல்லை. ஆனால் நவம்பரில் ஆடிய ஆர்ச்சும் செப்டம்பரில் ஆடிய ஆர்ச்சும் வேறு வேறு ஆட்கள். காலை ஊன்றி நின்று எறிந்தார், பந்தைச் சீக்கிரம் கையைவிட்டு அனுப்பினார். மெண்டோசாவுக்குக் கொடுத்தது சரிதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

2026இல் மறுபடியும் பேவரிட்டா?

முன்வரிசைப் பெயர்களில் இருக்கிறார். டெக்சாஸிலேயே தொடர்கிறார். இந்த முறை பின்னால் ஒரு முழு சீசன் இருக்கிறது, எனவே 'இரண்டு ஆட்டம்' வாதம் செல்லாது. செப்டம்பர் 12 அன்று ஒஹாயோ ஸ்டேட் ஆஸ்டினுக்கு வருவதாக அட்டவணை சொல்கிறது. அந்த ஒரு யார்டு இன்னும் கணக்கில் பாக்கி இருக்கிறது. நான் பணம் எதுவும் கட்டவில்லை, ஆனால் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளப்போவதில்லை.